பங்கும் பங்காளியும்: மங்கோலியப் பேரரசு எழுந்ததும் தேய்ந்ததும்

மங்கோலியர் என்றதும் அடிவானத்தை மறைத்துக்கொண்டு வரும் குதிரைக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். ஆள்கணக்கில் பார்த்தால் அவர்கள் சின்னக் கூட்டம். 1206-இல் ஓனான் ஆற்றின் தலைப்பகுதியில் தெமுஜினுக்குச் 'செங்கிஸ் கான்' என்று பட்டம் சூட்டியபோது அவர் கையில் இருந்தவை 95 ஆயிரவர் படைகள். எல்லாப் படையிலும் ஆள் முழுசாக இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் தேறாது. தெற்கே வட சீனத்தை ஆண்ட ஜின் அரசுக்கு அப்போது ஐந்து கோடிக் குடிமக்கள். இருந்தும் 1279-க்குள் கொரியாவிலிருந்து கருங்கடல் வரை மங்கோலியர் வசமானது. 1368-இல் அதே வம்சத்தின் பேரரசர் பெய்ஜிங்கை விட்டு இரவோடிரவாக வடக்கே ஓடினார்.

வீரத்தால் எழுந்தார்கள், சுகபோகத்தால் விழுந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது எதையும் விளக்காது. 'பங்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் விளங்கிவிடும். கிடைத்ததை யார் எடுப்பது, யார் பிரித்துத் தருவது, அப்பன் செத்தபின் யாருக்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான கணக்கு அல்ல.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். 'கான்' என்பது ஆள்பவனைக் குறிக்கும் பட்டம். குடும்பப் பெயரும் இல்லை, மத அடையாளமும் இல்லை. செங்கிஸ் கான் முஸ்லிம் அல்லர். தெங்ரி என்ற வானத்தை வணங்கியவர். அவர் வாரிசுகளில் சிலர் பிற்பாடு இஸ்லாத்துக்கும் சிலர் பௌத்தத்துக்கும் போனார்கள்.

புல், குதிரை, வில்

மங்கோலியப் படையின் எரிபொருள் புல். ஒரு வீரனுக்கு மூன்று முதல் ஐந்து குதிரைகள். ஒன்றில் ஏறிப் போவான், மற்றவை வெறும் முதுகோடு பின்னால் வரும், களைத்ததும் மாற்றிக்கொள்வான். தோள் உயரம் 130, 140 சென்டிமீட்டருக்குள் அடங்கும் குட்டைக் குதிரைகள் அவை. பனியைக் குளம்பால் கிளறி அடியில் இருக்கும் புல்லைத் தாமே தேடித் தின்னும். அதனால் தீவனம் ஏற்றிய வண்டிகள் படைக்குப் பின்னால் ஊர்ந்துவர வேண்டியதில்லை. புளித்த குதிரைப்பால், உலர்ந்த இறைச்சி, கெட்டித் தயிர் இருந்தால் வீரன் வாரக்கணக்கில் ஓட்டுவான்.

இதன் மறுபக்கத்தையும் கணக்குப் போட வேண்டும். பத்தாயிரம் பேர் போனால் முப்பதாயிரத்துக்குக் குறையாத குதிரைகள் கூடப் போகின்றன. அத்தனைக்கும் அன்றாடம் புல்லும் தண்ணீரும் வேண்டும். புல்வெளி முடியும் இடத்தில் படையின் வேகமும் முடிந்துவிடும். சிரியாவிலிருந்து பெரும்படையோடு பின்வாங்கியதற்குத் தீவனம் தீர்ந்ததே காரணம் என்று செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகு 1262-இல் பிரெஞ்சு அரசருக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்கிறார்.

தட்பவெப்பமும் கைகொடுத்தது. மங்கோலியாவின் பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மாறான ஈரமும் மிதமான வெப்பமும் இருந்ததாகக் கண்டார்கள். செங்கிஸ் கானின் பெரும் படையெடுப்புகள் நடந்தது அதே காலம்தான். மழை பேரரசைக் கட்டியது என்று இதை இழுக்கக்கூடாது. மழையால் புல் பெருகும், புல்லால் குதிரை பெருகும், அவ்வளவுதான்.

வில்லின் நடுவே மரம், உட்பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் தசைநார், மூன்றையும் ஒட்டுவதற்குப் பசை. பசை இறுகி வில் பதமாக மாதக்கணக்கில் ஆகும். குட்டையான வில் என்பதால் சேணத்தில் இருந்தபடியே எந்தப் பக்கமும் திரும்பி எய்யலாம். புழுக்கமும் மழையும்தான் இதற்கு எமன். ஈரம் ஏறினால் பசை தளர்ந்துவிடும். தென் சீனம், வியட்நாம், ஜாவா என்று தெற்கே போகப்போக மங்கோலியர் ஏன் தடுமாறினார்கள் என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

குலத்தை உடைத்த பத்துக் கணக்கு

இதே குதிரையும் வில்லும் புல்வெளியில் எல்லா இனத்தாரிடமும் இருந்தன. தாத்தர், மெர்கிட், கெரெயிட், நைமன் என்று ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தெமுஜினின் தந்தை எசுகெய்யை நஞ்சிட்டுக் கொன்றவர்கள் தாத்தர்கள். மனைவி போர்த்தேயைத் தூக்கிப்போனவர்கள் மெர்கிட்கள். தந்தை செத்ததும் தாய் ஹோயெலுனையும் பிள்ளைகளையும் அநாதையாக விட்டுப்போனவர்கள் வெளியார் அல்லர், சொந்தக் கூட்டத்தாரே. உறவை நம்பிப் படை கட்டக்கூடாது என்ற பாடத்தை அவர் சிறுவயதிலேயே படித்துவிட்டார்.

திருப்பம் 1202-இல் வந்தது. தாத்தர்மீது போருக்குக் கிளம்பும் முன் தெமுஜின் ஓர் ஆணை போட்டார்: எதிரி முழுதாக ஒழியும்வரை யாரும் கொள்ளையில் கை வைக்கக்கூடாது, கிடைப்பதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிறகு பிரிப்போம். அதுவரை புல்வெளிச் சண்டை என்றால் எதிரி ஓடத் தொடங்கியதும் துரத்துவதை விட்டுவிட்டு அவன் ஆடுமாடுகளை மடக்குவதுதான் வழக்கம். அதனால் எந்தச் சண்டையும் முடிவுக்கு வராது. தோற்றவன் அடுத்த ஆண்டு திரும்பி வருவான். புது ஆணையை மீறிய மூவரும் தெமுஜினின் நெருங்கிய உறவினர்கள். அவர்கள் எடுத்ததை எல்லாம் பறித்துவிட்டார். உயர்குடியினர் முகம் கோணிப் பகைவர் பக்கம் போனார்கள். அதுவரை எச்சில் பங்கு வாங்கிக்கொண்டிருந்த சாதாரண வீரனோ இவர் பக்கம் ஒட்டிக்கொண்டான். என் கணிப்பில் பேரரசின் உண்மையான தொடக்கம் 1206-இன் பட்டாபிஷேகத்தைவிட இந்த ஆணைதான்.

அடுத்து படையைப் பத்துப் பத்தாக அடுக்கினார். பதின்மர் அணி (அர்பான்), நூற்றுவர் (ஜூன்), ஆயிரவர் (மிங்கான்), பதினாயிரவர் (துமென்). தோற்ற இனங்களின் ஆட்களைப் பிரித்து வெவ்வேறு ஆயிரவர் படைகளில் கலந்தார். தானாக வந்து சேர்ந்த சில இனங்களுக்கு மட்டும் சொந்த ஆட்களோடு இருக்கச் சலுகை கிடைத்தது. ஒதுக்கிய அணியைவிட்டு வேறு அணிக்குப் போனால் மரணம். பத்துப் பேரில் ஓரிருவர் களத்தைவிட்டு ஓடினால் பத்துப் பேருக்கும் தண்டனை. தளபதி ஆவதற்குப் பிறப்பு தேவையில்லை. எதிரணியில் நின்று அம்பு எய்து இவரைச் சாய்க்கப் பார்த்த வீரனுக்கே 'ஜெபே' என்று அம்பின் பெயரைச் சூட்டிப் படைத்தலைவர் ஆக்கினார். தளபதிகளின் பிள்ளைகள் கெஷிக் என்ற பத்தாயிரம் பேர் கொண்ட காவல்படையில் சேர வேண்டும். பெருமைதான், கூடவே அப்பாக்கள் ஒழுங்காக இருக்கப் பிடித்துவைத்த பிணையும்கூட.

நைமன்களை 1204-இல் வென்றபோது அவர்கள் அரசவை எழுத்தர் பிடிபட்டார். உய்குர் எழுத்தை மங்கோலிய மொழிக்கு வாங்கிக்கொண்டது அவர் வழியாகத்தான். செங்கிஸ் கான் கடைசிவரை எழுதப் படிக்கக் கற்கவில்லை. ஆனால் எந்த ஆயிரவர் படை யாருக்கு, எந்தக் கொள்ளை யாருக்கு என்ற கணக்கு ஏட்டில் ஏறத் தொடங்கியது.

கோட்டையைப் பிடிக்கக் கற்றது

குதிரையால் மதிலைத் தாண்ட முடியாது. 1209-இல் வடமேற்குச் சீனத்தில் இருந்த மேற்கு ஷியா அரசின் தலைநகரை முற்றுகையிட்டபோது மஞ்சள் நதியை மறித்து நகரை மூழ்கடிக்கப் பார்த்தார்கள். கட்டிய அணை உடைந்து வெள்ளம் அவர்கள் பாசறையிலேயே புகுந்தது. அந்தப் போர் கடைசியில் உடன்படிக்கையில்தான் முடிந்தது.

ஜின் அரசின்மீது 1211-இல் தொடங்கிய போரில் சீனப் பொறியாளர்கள் கைக்கு வந்தார்கள். 1215-இல் இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்தில் இருந்த ஜோங்டு விழுந்தது. அதன்பின் முறை நிலைத்துவிட்டது: பிடித்த ஊரில் கைவினைஞரையும் பொறியாளரையும் தனியே பிரித்துக் காப்பாற்றுவது, இளைஞர்களை அடுத்த ஊரின் மதிலுக்கு முன்னால் தள்ளி அகழியை நிரப்பவைப்பது, சரணடைந்த ஊரிடம் வரி வாங்குவது, எதிர்த்த ஊரை அழிப்பது. ஒரு ஊரின் கதி அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே சிலரை விட்டுவிடுவார்கள்.

நடு ஆசியாவையும் ஈரானையும் ஆண்ட க்வாரஸ்ம் அரசில் இது முழு வேகத்தில் நடந்தது. 1218-இல் ஒத்ரார் நகரின் ஆளுநர், செங்கிஸ் கான் அனுப்பிய சுமார் 450 வணிகர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்று சரக்கை எடுத்துக்கொண்டார். விளக்கம் கேட்டுப் போன தூதரையும் அந்நாட்டு அரசர் ஷா முகம்மது கொன்றார். தன் தளபதிகளையே நம்பாத ஷா, படையை ஒரே இடத்தில் திரட்டாமல் நகரம் நகரமாகப் பிரித்து உட்காரவைத்தார். மங்கோலியர் ஒவ்வொன்றாகத் தின்றார்கள். 1220-இல் புகாராவும் சமர்கந்தும், 1221-இல் ஊர்கெஞ்ச், மெர்வ், நிஷாபூர். ஷாவின் மகன் ஜலாலுத்தீன் மட்டும் பர்வானில் ஒரு மங்கோலியப் படையைத் தோற்கடித்தார். அங்கே கிடைத்த கொள்ளையைப் பங்கிடுவதில் அவருடைய ஆட்களுக்குள் சண்டை மூண்டு பாதிப் படை கலைந்தது. அதே ஆண்டு சிந்து நதிக்கரையில் தோற்று, குதிரையோடு ஆற்றில் குதித்துத் தப்பினார்.

களத்தில் அவர்களுக்குப் பிடித்த தந்திரம் பொய்ப் பின்வாங்கல். 1223-இல் ரஷ்யச் சிற்றரசர்களை ஜெபேயும் இன்னொரு தளபதி சுபுதையும் ஒன்பது நாள் இழுத்துக்கொண்டே போய், கல்கா ஆற்றில் படை நீண்டு சிதறிய பிறகு திரும்பி அடித்தார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஓடுவதுபோல் நடிக்கும் படை உண்மையிலேயே ஓடிவிடாமல் இருக்க, பத்துக்குப் பத்து என்ற அந்தக் கடுந்தண்டனை வேண்டும்.

நிலத்தை இணைத்தது 'யாம்' என்ற அஞ்சல் குதிரை ஏற்பாடு. ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒரு நிலையம், அங்கே மாற்றுக்குதிரை, உணவு. பைஸா என்ற உலோகப் பட்டயம் வைத்திருப்பவருக்கு எல்லாம் இலவசம். அவசரத் தூதர் ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் போவார். இதைப் பெரிதாக விரித்தவர் செங்கிஸ் கானுக்குப் பின் பட்டமேறிய மகன் ஓகடாய். நிலையத்துக்குக் குதிரையும் ஆட்டையும் தர வேண்டியவர்கள் சுற்றுவட்டாரக் குடும்பங்கள். பட்டயம் கண்டவர் கைக்கும் போனதும் வணிகர்களும் இளவரசர்களும் ஓசிச் சவாரி செய்தார்கள்; குடும்பங்கள் நொடித்தன. பின்னால் வந்த கான்கள் பட்டயங்களைத் திரும்பப் பிடுங்க வேண்டியதாயிற்று.

பாகப்பிரிவினை

செங்கிஸ் கான் 1227 ஆகஸ்டில் இறந்தார். போர்த்தேக்குப் பிறந்த மகன்கள் நால்வர். மூத்தவர் ஜோச்சி தந்தைக்குச் சில மாதங்கள் முன்பே இறந்திருந்தார். போர்த்தே மெர்கிட்களிடம் இருந்து மீண்ட பின் பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பைப் பற்றிய முணுமுணுப்பு குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. மேற்குப் புல்வெளி அவர் பிள்ளைகளுக்கு. இரண்டாமவர் சகதாய்க்கு நடு ஆசியா. மூன்றாமவர் ஓகடாய்க்குப் பேரரசர் பட்டம். கடைக்குட்டி தொலுய்க்குப் புல்வெளி வழக்கப்படி அப்பாவின் அடுப்பும் பிறந்த மண்ணும்.

இதில் எளிதில் கண்ணில் படாத ஒன்று படைப் பங்கு. பாரசீக அமைச்சரும் வரலாற்றாசிரியருமான ரஷீதுத்தீன் தரும் கணக்கில் செங்கிஸ் கான் விட்டுச்சென்ற படை 1,29,000. அதில் 1,01,000 தொலுய்க்கு. பேரரசராகப் போகும் ஓகடாய்க்கு வெறும் 4,000. பட்டம் ஒரு வீட்டில், படை இன்னொரு வீட்டில். பின்னால் வெடித்ததற்கெல்லாம் திரி இங்கேதான் கிடந்தது.

அடுத்த பேரரசரைத் தேர்வது குருல்தாய் என்ற சபை. மூத்தவனுக்கா, கடைக்குட்டிக்கா, அண்ணன் தம்பிக்கா என்று எழுதிவைத்த விதி கிடையாது. செங்கிஸ் கான் வம்சம் என்றால் யாரும் கேட்கலாம், ஆனால் இளவரசர்கள் நேரில் கூட வேண்டும். ஓகடாய்க்கு இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். அவர் 1241 டிசம்பரில் இறந்தபோது சுபுதையின் படை ஹங்கேரியில் நின்றது. அந்த ஏப்ரலில்தான் போலந்தின் லெக்னிகாவிலும் ஹங்கேரியின் மோஹியிலும் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு ஐரோப்பியப் படைகள் நொறுங்கியிருந்தன. 1242-இல் மங்கோலியர் திரும்பினார்கள். சாவுச்செய்தியா, புல் போதாமையா, கல்கோட்டைகள் விழ மறுத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரே காரணத்தை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்தவர், ஓகடாயின் மகன் குயுக், பட்டமேற 1246 ஆனது. இடையில் ஆண்டவர் ஓகடாயின் விதவை தொரெகெனே.

குயுக் இரண்டே ஆண்டில் இறந்தார். இப்போது தொலுய்யின் விதவை சொர்காக்தானி ஜோச்சியின் மகன் பாத்துவோடு சேர்ந்து காய் நகர்த்தினார். 1251-இல் அவர் மகன் மோங்கே பேரரசர் ஆனார். ஓகடாய் வீட்டிலும் சகதாய் வீட்டிலும் பலர் கொல்லப்பட்டார்கள். 1,01,000 ஆட்களின் கணக்கு இப்படித்தான் நேரானது. அதன்பின் ஓகடாயின் பேரன் 'கைது' என்பவர் தொலுய் வீட்டுக்கு எதிராக 1301-இல் சாகும்வரை போரிட்டார்.

1260

மோங்கே திறமைசாலி. குடிக்கணக்கு எடுத்து வரியை ஒழுங்குசெய்தார். ஒரு தம்பி ஹுலாகுவை ஈரானுக்கு அனுப்பினார். 1256-இல் அலமூத் கோட்டை, 1258 பிப்ரவரியில் பாக்தாத் விழுந்தன, கடைசி அப்பாசியக் கலீபா கொல்லப்பட்டார். இன்னொரு தம்பி குப்லாயோடு சேர்ந்து தென் சீனத்தைத் தாக்கினார். 1259 ஆகஸ்டில் சிச்சுவானின் தியாவ்யூ கோட்டை முற்றுகையில் மோங்கே இறந்தார்.

உடனே இரண்டு குருல்தாய்கள் கூடின. குப்லாயைச் சீனத்தில் ஒன்று தேர்ந்தது, கடைசித் தம்பி அரிக் போகேயை மங்கோலியாவில் இருந்த தலைநகர் காரகோரத்தில் மற்றொன்று. குப்லாய் போட்ட கணக்கு குரூரமானது, எளிமையானது: காரகோரம் சாப்பிடுவது சீனத்துத் தானியம், அதை நிறுத்து. நான்கு ஆண்டில் அரிக் போகே சரணடைந்தார். ஆனால் எல்லாரும் கூடி ஒருவரை ஏற்ற குருல்தாய் அதன்பின் நடக்கவே இல்லை.

அதே 1260-இல் ஹுலாகு பெரும்படையோடு அசர்பைஜானுக்குத் திரும்ப, சிரியாவில் அவர் தளபதி கித்புகா சுமார் பத்தாயிரம் பேரோடு தங்கினார். செப்டம்பர் 3 அன்று அய்ன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் கித்புகாவைக் கொன்று படையை அழித்தார்கள். மங்கோலியர் அதற்கு முன்பும் தோற்றதுண்டு. இம்முறை பழிவாங்கப் பெரும்படை வரவில்லை, அதுதான் புதிது. வராததற்கும் பங்காளிதான் காரணம். குதிரைக்கு அருமையான மேய்ச்சல் நிலமான அசர்பைஜான் தங்கள் பங்கு என்று ஜோச்சி வீட்டார் உரிமை கொண்டாடினார்கள். 1262-இல் அந்த வீட்டு பெர்கே ஹுலாகுமீது போர் தொடுத்து, மம்லூக்குகளோடு கைகோத்தார். பெர்கே முஸ்லிம், கலீபா கொலையில் அவருக்கு ஆத்திரம் உண்டு. மேய்ச்சல் நிலமும் சேர்ந்துகொண்டது.

நான்கு வீடுகள், நான்கு முடிவுகள்

குப்லாய் 1271-இல் யுவான் வம்சத்தை அறிவித்தார். ஷியாங்யாங் கோட்டை ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்து, ஈரானிலிருந்து வந்த பொறியாளர்களின் எதிரெடைக் கவண் முன்னால் 1273-இல் பணிந்தது. 1279-இல் தென் சீனம் முழுதும் கைக்கு வந்தது. கடல் மட்டும் பணியவில்லை. ஜப்பானில் 1274, 1281 என இருமுறை, வியட்நாமில் 1288-இல் பாக் தாங் ஆற்றில், ஜாவாவில் 1293-இல் தோல்வி.

குப்லாய் காலத்துக் கடல் வணிகத்தில் தமிழருக்கும் இடம் இருந்தது. சீனத்துறைமுகம் சுவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. 'செகசைகான்' திருமேனி நலத்துக்காக, அவர் 'பிர்மான்' (அரசாணை) படி நடந்ததாம். அந்தச் செகசைகான் குப்லாய்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

யுவானைத் தின்றது இரண்டு. ஒன்று வாரிசுச் சண்டை: 1307 முதல் 1332 வரை எட்டுப் பேரரசர்கள், கடைசியானவர் ஆறு வயதுப் பிள்ளை, இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. மற்றது காகிதப் பணம். 1260-இல் வெளியிட்டபோது வெள்ளியின் ஆதாரம் இருந்தது. போர்ச் செலவுக்கு அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு இறங்கி, 1287-இல் பழைய ஐந்துக்குப் புதிய ஒன்று என்றார்கள். 1344-இல் மஞ்சள் நதி கரையை உடைத்தது, 1351-இல் அதைச் சீர்செய்யக் கட்டாயக் கூலிகளைத் திரட்டினார்கள். அந்தக் கூலிகள் நடுவிலேயே செந்தலைப்பாகைக் கலகம் மூண்டது. அதில் தலையெடுத்த ஜு யுவான்ஜாங் 1368-இல் மிங் வம்சத்தை நிறுவினார்.

ஈரானில் ஹுலாகுவின் வாரிசுகள் 1294-இல் தப்ரீஸில் அதே காகிதப் பணத்தைக் காட்டினார்கள். கடைக்காரர்கள் கடையை மூடிவிட்டார்கள். சில வாரங்களில் ஆணையைச் சுருட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பட்டமேறிய கசன் இஸ்லாத்தைத் தழுவி வரியைச் சீராக்கினார். 1335-இல் அபூ சயீத் ஆண் வாரிசின்றி இறக்க, நாடு துண்டு துண்டானது.

சகதாய் வீடுதான் டெல்லியை அடித்தது. 1299-இல் டெல்லிக்கு அருகே கிலி என்ற இடத்தில், 1303-இல் தளபதி தர்கியின் தலைமையில் டெல்லி வாசலிலேயே. அலாவுதீன் கில்ஜி தாக்குப்பிடித்தார். அவர் திறமையைக் குறைக்க வேண்டாம். ஆனால் டெல்லிக்கு வந்தது ஒன்றுபட்ட பேரரசின் படை அல்ல, முதுகுக்குப் பின்னால் பங்காளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை.

ரஷ்யாவை ஆண்ட ஜோச்சி வீடு நீண்ட நாள் நின்றது. நகரங்களை விட்டுத் தள்ளிப் புல்வெளியிலேயே இருந்துகொண்டு திறை வாங்கியதே காரணம். 1340-களின் கொள்ளைநோய்க்குப் பிறகு, 1359 முதல் இருபது ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்டவர் கான் ஆனார்கள். 1395-இல் தைமூர் அதன் தலைநகர் சராயை எரித்தார். 1480-இல் உக்ரா ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்ற பின் மாஸ்கோ திறை கட்டுவதை நிறுத்தியது. கிரிமியக் கிளை 1783 வரை இழுத்தது.

சராயை எரித்த தைமூர் செங்கிஸ் கான் வழியில் வந்தவர் அல்லர். நடு ஆசியா முழுதும் அவர் காலடியில் கிடந்தும் 'கான்' என்ற பட்டத்தை அவர் சூடவில்லை. அந்த வம்சத்தார் ஒருவரைப் பெயரளவில் கானாக உட்காரவைத்து ஆண்டார். அந்த வம்சப் பெண்ணை மணந்து 'குர்கான்', அதாவது மாப்பிள்ளை, என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அவர் வழிவந்த பாபர் 1526-இல் டெல்லியைப் பிடித்தார். நாம் முகலாயர் என்று அழைக்கும் அந்த வம்சத்தார் தங்களைக் குர்கானிகள் என்றே குறித்துக்கொண்டார்கள்.